ஜாமீனில் வாழும் விசுவாசிகள்

நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தவர் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு இருக்கும். தவறினால் ஜாமீன் ரத்தாகலாம். பார்க்க எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கும். வீட்டில் சாப்பிடுகிறார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார், வேலைக்குப் போகிறார். ஆனால் வழக்கு முடியவில்லை. தீர்ப்பு இனிமேல்தான்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ சபைகள். அவற்றில் உட்கார்ந்திருக்கிற பலர் தேவனோடு இப்படித்தான் வாழ்கிறார்கள். காலை ஜெபம் ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஒரு கையெழுத்து. தசமபாகம் இன்னொன்று. ஒன்று விட்டுப்போன வாரம் முழுக்க உள்ளுக்குள் பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "போன ஞாயிறு சபைக்குப் போகல, அதான்" என்று உடனே காரணம் கண்டுபிடிக்கப்படுகிறது. இது பக்தி என்று நினைக்கிறார்கள். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவரின் நடுக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல்' என்ற உபதேசம் சொல்வது, தீர்ப்பு வந்துவிட்டது, வழக்குக் கட்டு மூடப்பட்டது என்பதை. வீட்டுக் கூட்டத்திலும், சபையில் முழு உறுப்பினராக ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

குழப்பம் பெரும்பாலும் சொற்களில்தான் ஆரம்பிக்கிறது. நம் வேதாகமத் தமிழ் பழையது. ஜெர்மானிய மிஷனரிகள் இருவரின் மொழிபெயர்ப்புகளான, 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்த சீகன்பால்க்கின் புதிய ஏற்பாடு, 1772இல் வேப்பேரியில் அச்சான ஃபாப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு, பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்தம் என்று கைமாறிக் கைமாறி வந்த மொழி அது. அந்தச் சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தெருவில் பேசுகிற தமிழ் நகர்ந்து போய்விட்டது.

முதலில் 'நீதிமானாக்குதல்'. "பிள்ளையை டாக்டராக்கினேன்" என்றால் பிள்ளையே மாறியிருக்கிறான், படித்திருக்கிறான். அதனால் 'நீதிமானாக்கப்பட்டேன்' என்றதும், நான் உள்ளே மாறியிருக்கிறேனா என்று தன்னையே தோண்டிப் பார்க்கத் தோன்றுகிறது. கோபம் போகவில்லை, பொய் போகவில்லை, அப்படியானால் நான் நீதிமான் ஆகவில்லை. கணக்கு அப்படித்தான் ஓடும். ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கிற 'டிகையோ' என்ற வினை நீதிமன்றத்துச் சொல். 'நீதிமான் என்று தீர்ப்பளிப்பது' என்பதே பொருள்.

இதை நிரூபிக்கக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை, கையில் இருக்கிற தமிழ் வேதாகமமே போதும். நீதிமொழிகள் 17:15ஐத் திறக்கச் சொல்லுங்கள். துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்று அங்கே இருக்கிறது. 'ஆக்குதல்' என்றால் திருத்துதல் என்று வைத்துக்கொண்டால், ஒரு துன்மார்க்கனைத் திருத்தி நல்லவனாக்குவது எப்படி அருவருப்பாகும்? அது நல்ல காரியமல்லவா? குற்றவாளியைக் குற்றமற்றவன் என்று பொய்த்தீர்ப்புச் சொல்வதையே அந்த வசனம் கண்டிக்கிறது. உபாகமம் 25:1 இன்னும் தெளிவு: நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்க வேண்டும். ரோமர் 8:33, 34இலும் 'நீதிமான்களாக்குகிறவர்' என்பதற்கு எதிர்ப்பதமாக வருவது 'ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன்'. ஆக்கினைத்தீர்ப்பு யாரையும் உள்ளே கெட்டவனாக மாற்றுவதில்லை, அது ஓர் அறிவிப்பு. இதுவும் அப்படியே. கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கிற 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்கிறது. 'ஆக்கு' தருகிற சிக்கல் அதில் இல்லை, ஆனால் நீதிமன்ற வாசனையும் போய்விடுகிறது. வகுப்பில் சொல்லும்போது 'நீதிமான் என்று தீர்த்தல்' என்று உபாகமத்தின் சொல்லையே எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது 'விசுவாசம்'. என் பார்வையில் அதிகமாகத் தடுக்கி விழவைப்பது இதுதான். பேச்சில் இந்தச் சொல் நன்றியோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் குறிக்கிறது. நாய் விசுவாசமுள்ளது, முதலாளிக்கு விசுவாசமான ஆள், தலைவரின் தீவிர விசுவாசி. அந்தக் காதோடு ரோமர் நிருபத்தைக் கேட்கிறவருக்கு, 'தேவனுக்கு விசுவாசமாக இருந்தால் நீதிமான் ஆகலாம்' என்றுதான் விழும். அப்போது விசுவாசமே ஒரு கிரியையாகி, அதாவது நாம் செய்து காட்ட வேண்டிய ஒரு செயலாகி, எல்லாவற்றிலும் கடினமான கிரியையாகவும் ஆகிவிடுகிறது. அந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்வது நம்பிச் சாய்வதை. அதற்குள் மூன்று உண்டு: செய்தியைத் தெரிந்துகொள்வது, அது உண்மைதான் என்று ஒத்துக்கொள்வது, 'அது எனக்காகத்தான்' என்று தன் பாரத்தை அதன்மேல் இறக்கிவைப்பது. முதல் இரண்டும் பிசாசுகளுக்கும் உண்டு. அவை விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறது யாக்கோபு 2:19. மூன்றாவது இல்லாததால்தான் நடுக்கம்.

தண்ணீர் லாரி வந்து நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோம். குடம் தண்ணீரைச் சுரப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. நிறம் வெளுத்த பிளாஸ்டிக் குடமோ பளபளக்கும் எவர்சில்வர் குடமோ, உள்ளே விழுவது அதே தண்ணீர். விசுவாசம் குடம் மாதிரி. இந்த உவமை ஓர் இடத்தில் உடையும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். சின்னக் குடத்தில் குறைவாகத்தான் பிடிக்கும். கிறிஸ்துவின் நீதியோ குடத்தின் அளவு பார்த்து ஊற்றப்படுவதில்லை. கைநடுங்கிக்கொண்டே நீட்டப்பட்ட விசுவாசத்துக்கும் முழுக் கிறிஸ்துவும் கிடைக்கிறார்.

'எண்ணினார்' என்பதும் அப்படி ஒரு சொல். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்று ஆதியாகமம் 15:6. இன்றைய காதுக்கு 'எண்ணுதல்' நினைத்தல். நீதிமான் இல்லைதான், பரவாயில்லை, அப்படி நினைத்துக்கொள்வோம் என்று தேவன் கண்ணை மூடிக்கொண்டதாகத் தோன்றும். உண்மையில் இது கணக்கெழுதுகிறவரின் சொல்: வரவு வைத்தார். ரோமர் நாலாம் அதிகாரத்தில் மட்டும் கிரேக்கத்தில் இந்த வினை 11 முறை வருகிறது. கணக்கின் இரண்டு பக்கமும் அங்கே இருக்கிறது. கிரியைகளில்லாமல் நீதி வரவு வைக்கப்படுகிறது, சங்கீதம் 32இல் தாவீது சொல்கிறபடி பாவம் பற்றில் எழுதப்படாமல் விடப்படுகிறது. பிலேமோன் 18ஆம் வசனத்தில், ஒநேசிமு என்ற அடிமை பட்ட கடனை 'என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்' என்று பவுல் எழுதுகிறார். மளிகைக் கடையில் நோட்டு வைத்து வாங்குகிற எவருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

'கிரியை' என்றதும் ஈமக்கிரியையும் பதினாறாம் நாளும் நினைவுக்கு வருகிறவர்கள் நம் கூட்டங்களில் உண்டு. சடங்குகளால் ஆகாது, நல்ல நடத்தையால் ஆகும் என்று புரிந்துகொண்டு போய்விடுவார்கள். பவுலின் உதாரணமே அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆபிரகாமோடு அவர் நிறுத்தாமல் தாவீதையும் சேர்க்கிறார். தாவீதின் பிரச்சினை சடங்குக் குறைவல்ல, விபசாரமும் கொலையும். நடத்தையிலேயே தோற்றுப்போனவருக்குத்தான் அந்த வரவு எழுதப்படுகிறது.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை வைத்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர்களுக்கு விடுதலையில் பல வகை உண்டு என்று தெரியும். ஜாமீனில் வழக்கு நிலுவையில் இருக்கும். 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுவித்தால், செய்தான் என்று நிரூபிக்க முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஊர் பேசிக்கொண்டேதான் இருக்கும். கருணை மனுவில் குற்றம் குற்றமாகவே நிற்கும், தண்டனை மட்டும் குறையும். நீதிமானாக்கப்படுதல் இந்த மூன்றுமே இல்லை. சாட்சியம் முழுமையாக இருக்கிறது. எல்லா வாயும் அடைக்கப்பட்டது என்கிறது ரோமர் 3:19. எதிர்வாதம் பேச ஒன்றும் இல்லை. அந்த நிலையில் நிற்பவரைப் பார்த்துத்தான் 'நீதிமான்' என்ற தீர்ப்பு வாசிக்கப்படுகிறது.

அப்படியானால் நீதிமொழிகள் 17:15 தேவனுக்கே எதிராகத் திரும்பாதா? துன்மார்க்கனை நீதிமானாக்குவது அருவருப்பு என்று சொன்னவரே, ரோமர் 4:5இல் 'பாவியை நீதிமானாக்குகிறவர்' என்று அழைக்கப்படுகிறாரே? இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இதைக் கேட்காத வகுப்பில் சிலுவை ஓர் உருக்கமான காட்சியாக மட்டும் நின்றுவிடும். பதில் ரோமர் 3:24 முதல் 26 வரை. மூன்று இடங்களின் சொற்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 'நீதிமான்களாக்கப்படுகிறார்கள்' நீதிமன்றத்தின் சொல். 'மீட்பு' சந்தையின் சொல். மிண்ட் தெரு அடகுக் கடையில் நகையை மீட்கிறோமே, அதே மீட்பு. யாராவது ஒருவர் பணம் கட்டாமல் எந்த நகையும் மீட்கப்படுவதில்லை. 'கிருபாதாரபலி', அதாவது பாவத்தை நிவிர்த்தி செய்கிற பலி, ஆலயத்தின் சொல், இரத்தம் சிந்திய இடத்தின் சொல். பாவத்துக்குரிய தண்டனை தள்ளுபடி ஆகவில்லை, கிறிஸ்துவின்மேல் நிறைவேறியது. நாம் கீழ்ப்படியத் தவறிய இடத்தில் அவர் கீழ்ப்படிந்தார் (ரோமர் 5:19). ஆகவே தேவன் தாமும் நீதியுள்ளவராயிருந்து, இயேசுவில் விசுவாசம் வைக்கிறவரையும் நீதிமானாக்குகிறார். தீர்ப்பு பொய்யல்ல.

'இலவசமாய்' என்று அந்த வசனத்தில் இருப்பதையும் கவனித்துச் சொல்ல வேண்டும். அரசுத் திட்டங்களில் 'விலையில்லா மிதிவண்டி' என்று எழுதுகிறார்கள். இரட்சிப்பு நமக்கு இலவசம், ஆனால் விலையில்லாதது அல்ல. 1 கொரிந்தியர் 6:20 'கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்' என்கிறது.

ஒருவருடைய நீதி இன்னொருவருக்கு எப்படிச் சேரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற காகித மாற்றமாக இதைச் சொன்னால் யாருக்கும் ஏறாது. பவுல் எப்போதும் 'கிறிஸ்துவுக்குள்' என்று சேர்த்தே சொல்கிறார். 1520இல், சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் இதற்குத் திருமணத்தை உவமையாக வைத்தார்: மணப்பெண்ணின் கடன் மணமகனுக்கு, மணமகனின் சொத்து மணப்பெண்ணுக்கு. நம் வீடுகளில் மருமகள் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்கிறோம். அன்றிலிருந்து அந்த அட்டைக்கு உரியதெல்லாம் அவருக்கும் உரியது. அரிசி வாங்க அவர் தனியாக எந்தத் தகுதியும் காட்ட வேண்டியதில்லை. அட்டையில் பெயர் இருக்கிறது.

யாக்கோபு நிருபத்தைக் காட்டி வாதாடுகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. யாக்கோபு 2:24 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்கிறது. ரோமர் 3:28இல் 'மாத்திரம்' என்ற சொல் இல்லை என்பதும், லூத்தர் 1522இல் ஜெர்மன் மொழியில் அதைச் சேர்த்தார் என்பதும் உண்மை. ஆனால் 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல்' என்று அங்கேயே இருக்கிறதே. கிரியையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விசுவாசம் மாத்திரம்தான்.

யாக்கோபுக்கு நல்ல பதில் ஆபிரகாமின் வயதில் இருக்கிறது. 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்படுகிறார். 86 வயதில் இஸ்மவேல் பிறக்கிறான். 99 வயதில் விருத்தசேதனம். 100 வயதில் ஈசாக்கு. 'நீதியாக எண்ணினார்' என்ற 15ஆம் அதிகாரம் இஸ்மவேல் பிறப்பதற்கும் முன்னால். அதாவது விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 ஆண்டுகள் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. ரோமர் 4:10இல் பவுல் இந்த வரிசையை வைத்துத்தான் வாதாடுகிறார். யாக்கோபு எடுத்துக்கொள்வதோ ஆதியாகமம் 22ஐ, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த நாளை. அது மேலும் பல ஆண்டுகள் கழித்து. பவுல் கேட்பது 'தேவனுக்கு முன்பாக ஒருவர் எப்படி நீதிமானாகத் தீர்க்கப்படுகிறார்' என்று. யாக்கோபு கேட்பது 'உனக்கு விசுவாசம் உண்டு என்கிறாயே, அது உயிரோடிருக்கிறதா' என்று. ஒருவர் வேரைப் பார்க்கிறார், மற்றவர் காயைப் பார்க்கிறார். கரும்பலகையில் இந்த வயதுகளை வரிசையாக எழுதிப்போடுங்கள். பத்து நிமிடப் பேச்சு மிச்சமாகும்.

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் பெரம்பூரிலும் நம் அண்டை வீட்டார் பலர் கத்தோலிக்கர். அவர்களுடைய போதனையைத் தவறாகச் சொல்லி நம்முடையதை நிலைநாட்டுவது நீதியல்ல. 'நற்செயல் செய்து மோட்சம் வாங்குகிறவர்கள்' என்று சொல்வது பொய்ச்சாட்சி. 1547 ஜனவரியில் கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்து சங்கம் தீர்மானித்தபடி, ஏற்புடையவராதல் (நாம் நீதிமானாக்கப்படுதல் என்பது) என்பதில் பாவமன்னிப்போடு உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் அடக்கம். அது வளரலாம், சாவான பாவத்தால் இழக்கப்படலாம். புராட்டஸ்டண்டுகளான நாமோ தீர்ப்பையும் பரிசுத்தமாகுதலையும் பிரித்தறிகிறோம். ஒன்று இல்லாமல் மற்றது வராது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று இரு சபையும் சேர்ந்து அறிக்கையிட்டன. மெதடிஸ்ட் சபைகளின் உலக அமைப்பு 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் அமைப்பு 2017இலும் அதில் சேர்ந்தன. வேறுபாடு தீர்ந்துவிடவில்லை, ஆனால் பழைய சண்டை வார்த்தைகளை அப்படியே எடுத்துப் பேச இனி இடமில்லை.

நடைமுறையில் எங்கே பிசகுகிறது? திருவிருந்தில் முதலில் தெரியும். அந்த வாரம் வீட்டில் சண்டை போட்டவர் மேசைக்கு வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார். "நான் பாத்திரவான் இல்லை" என்பார். 1 கொரிந்தியர் 11:27இல் இருப்பது 'அபாத்திரமாய்', அதாவது பங்குபெறும் விதம். பணக்காரர் முன்னதாகச் சாப்பிட்டுவிட, ஏழை பசியோடு நின்ற கூட்டத்தைப் பவுல் கண்டிக்கிறார். பாத்திரவானான ஆள் யாராவது உண்டென்றால் அந்த மேசையே தேவையில்லை. சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள், வராதே என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும் மறுபடி மறுபடி கையுயர்த்துவது. ஐந்தாவது முறையாக இரட்சிக்கப்பட முன்னால் போகிறவருக்கு உறுதி இல்லாததற்குக் காரணம், தன் முடிவின்மேல் சாய்ந்திருப்பது. போன தடவை உண்மையாகத்தான் முடிவெடுத்தேனா என்று சந்தேகம் வந்தால், அடுத்த தடவை இன்னும் உருக்கமாக எடுக்க வேண்டியிருக்கும். அவரை "எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று கேட்காமல், "யாரை நம்புகிறீர்கள்" என்று கேளுங்கள்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. "இயேசு எல்லாம் முடிச்சிட்டார்" என்று சொல்லிக்கொண்டே தண்டலுக்கு விடுகிறவர். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுத்து, நூறு நாளுக்குத் தினம் 100 ரூபாய் வசூல். அவரிடம் வரி வசூலில் பணம் சேர்த்த சகேயுவின் கதையை (லூக்கா 19) வாசித்துக் காட்டுங்கள். தானாக ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமம் 6:5. சகேயு கொடுத்தது நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, அதோடு சொத்தில் பாதி ஏழைகளுக்கு. இயேசு அவர் வீட்டுக்கு வந்தது அதைப் பார்த்தல்ல. வந்த பிறகுதான் பணப்பெட்டி திறந்தது. வழக்கு முடிந்தவரின் கை தானாகத் திறக்கும். திறக்கவே இல்லையென்றால் யாக்கோபின் கேள்வியை அவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேர வகுப்புக்கு நான் சிபாரிசு செய்கிற வரிசை இது. லூக்கா 18:9 முதல் 14 வரை முதலில். ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன பரிசேயனும், வரி வசூலிக்கிற ஆயக்காரனும் வருகிற உவமை அது. பரிசேயன் வாரம் இரண்டு முறை உபவாசிக்கிறான், ஆண்டுக்கு 104. நியாயப்பிரமாணம் கட்டாயமாக்கியது பாவநிவிர்த்தி நாள் ஒன்றைத்தான். அவன் சொன்னது எதுவும் பொய் என்று இயேசு சொல்லவில்லை. இருந்தும் ஆயக்காரனே நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான், அன்றைக்கே, ஒரு கிரியையும் செய்து காட்டுவதற்கு முன்னாலேயே. அதற்குப் பத்து நிமிடம். பிறகு ஆதியாகமம் 15, ஐந்து நிமிடம். ரோமர் 3:19 தொடங்கி 4:8 வரைக்கும் குறைந்தது இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள். யாக்கோபு கடைசியில்தான். அவரை முன்னால் கொண்டுவந்தால் வகுப்பு முழுவதும் விவாதமாகிவிடும், ரோமர் நிருபத்துக்கு நேரம் இருக்காது.

மிச்ச நேரத்தில் வேதாகமத்தை மூடிவைக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் கேட்டதைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். 'நீதிமானாக்கப்படுதல்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. பிறகு ஒரே கேள்வி: இன்று ராத்திரி ஜெபிக்காமல் அசந்து தூங்கிப்போனால், நாளைக் காலையில் தேவனுக்கு முன்பாக உங்கள் நிலைமை என்ன? யாராவது பதில் சொல்லத் தயங்கினால் ரோமர் 4:5ஐ மறுபடியும் திறந்து, 'பாவியை' என்ற சொல்லின்மேல் அவருடைய விரலை வைக்கச் சொல்லி, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.